இந்தப் பக்கம் முடியட்டும்

கடைசிப் பலகையைச் சுவரில் மாட்டிவிட்டு ஜெயவேல் அறையின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினார். சத்தம் வர வேண்டியபடி வந்து, போக வேண்டியபடி போனது. வெறும் சுவராக இருந்த நாளில் ஒரு தட்டுக்கு நாலைந்து தட்டு திரும்பி வரும், தகரக் கூரைமேல் கொட்டாங்கச்சி உருள்வதுபோல. இப்போது உள்ளங்கைகள் ஒட்டிய இடத்திலேயே அடங்கிவிட்டது. அவர் கையை இறக்கினார். ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, வீட்டின் உள்பக்கமிருந்து எவர்சில்வர் டம்ளரைத் தரையில் வைத்ததுபோல ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

சமையலறையில் யாரும் இல்லை. பத்து மாதமாக யாரும் இல்லை.

பகல் பதினொரு மணி. பக்கத்து வீட்டில் எல்லப்பனின் தறி ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது. அவர் பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை தவிர தறிச் சத்தம் இல்லாத பகலைக் கேட்டதில்லை. அந்தச் சத்தம் உள்ளே துளியும் வரவில்லை. காய்கறி வண்டிக்காரனின் ஒலிபெருக்கி வரவில்லை. டம்ளர் மட்டும் வந்தது.

கதவைத் திறந்து போய்ப் பார்த்தார். சமையலறைத் தரை துடைத்து வைத்தபடி காய்ந்து கிடந்தது. டம்ளர்கள் அலமாரியில் கவிழ்த்தபடி இருந்தன. தறிச் சத்தம் திரும்பி வந்து காதில் அடித்தது. தனியாக இருக்கிறவனுக்கு இப்படியெல்லாம் தோன்றும் என்று சொல்லிக்கொண்டு, மறுபடியும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

புடவைகளுக்குக் கணினியில் டிசைன் போட்டுக் கொடுப்பது ஜெயவேலின் தொழில். அப்பா தறி போட்டிருந்த பின்கட்டு அறையைப் பாட்டுக் கேட்கும் அறையாக மாற்ற ஆரம்பித்தது இரண்டு வருடத்துக்கு முன். தறிக்குழியைத் தூர்த்து சிமெண்டு போட்டார். பழைய இசைத்தட்டுகள் முந்நூறுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தார்; நாதஸ்வரமும் வீணையும்தான் அதிகம். அவற்றை ஊர்ச் சத்தம் கலக்காமல் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மனைவி சூர்யகலா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "ஊருல எல்லாரும் பொண்டாட்டிய உட்டுட்டுக் காசிக்குப் போவாங்க. இவரு பின்கட்டுக்குப் போயிட்டாரு."

இந்த மாதிரி அறை கட்டுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்கிற விஷயம் ஒன்று உண்டு. உள்ளே எழும் சத்தத்தை அடக்குவது ஒரு வேலை. வெளியே இருக்கும் சத்தத்தை வராமல் தடுப்பது வேறு வேலை. முதலாவதற்குப் பஞ்சும் துணியும் போதும். இரண்டாவதற்குக் கனம் வேண்டும், காற்று போகிற இடுக்கெல்லாம் அடைபட வேண்டும். ஜெயவேல் முதல் வேலையைப் பாதி முடித்திருந்தார். இரண்டாவதைத் தொடவே இல்லை. சூர்யகலா சமையலறையில் விழுந்த அன்று கதவுக்கும் தரைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருந்தது. மேலே வெண்டிலேட்டர் திறந்தே இருந்தது. இது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மகள் மணிமேகலை ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு ஓடி வந்தவள், அழுகைக்கு நடுவில் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "உங்களுக்குக் கேக்கலியாப்பா?"

"உள்ள இருந்தா இடி வுழுந்தாலும் கேக்காதும்மா" என்றார் அவர்.

அந்தப் பதிலை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உங்க மேல தப்பு இல்லப்பா. அந்தப் பாழாப்போன ரூமு மேலதான்" என்று அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள். வந்தவர்களிடமெல்லாம் அவளே அதைச் சொன்னாள். அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதை யாரும் அவர் முன்னால் திருப்பிச் சொல்லாதபடி அவளே பார்த்துக்கொண்டாள். அவர் அறையைப் பூட்டினார். ஒன்பது மாதம் திறக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் அவள் போன் செய்தாள்.

"பழனி மாமா ஒரு மாதிரி பேசறாருப்பா." பழனி, சூர்யகலாவின் அண்ணன், தேவிகாபுரத்தில் இருப்பவர். "அம்மா போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி உங்ககூட அந்த ரூம்ல உக்காந்துகினு இருந்தாராம். அம்மா கிச்சன்லேந்து டீ வேணுமான்னு கேட்டாங்களாம். அவருக்குக் கேட்டுதாம்."

"அவருக்கு வயசாயிடுச்சிம்மா."

"வயசானா கேக்கலன்னுதானப்பா சொல்வாங்க."

அவர் போனை அடுத்த காதுக்கு மாற்றினார். அவளே தொடர்ந்தாள்.

"பதினஞ்சு நாள்ல ஒரு ஞாயித்துக்கெழம வர்றேன். நான் உள்ள உக்காந்துக்கறேன். நீங்க கிச்சன்ல அம்மா வுழுந்த எடத்துல நின்னு கூப்புடுங்க. எனக்குக் கேக்கலன்னா இந்தப் பேச்சு இதோட முடிஞ்சிது. மாமாகிட்ட நானே சொல்லிடறேன்."

கேட்டுவிட்டால் என்ன என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. உலகத்தில் அவருக்கு மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். அன்று மாலையே பூட்டைத் திறந்தார்.

பன்னிரண்டு நாளில் இரண்டு வருட வேலையைச் செய்தார். வெண்டிலேட்டரைச் செங்கல் வைத்து அடைத்தார். சுவரின்மேல் இன்னொரு அடுக்கு ஜிப்சம் பலகை அடித்தார். களம்பூரில் இடித்த ஒரு பழைய வீட்டின் தேக்குக் கதவை வாங்கி வந்து, நாலு பக்கமும் ரப்பர் பட்டை ஒட்டினார். கதவைத் தூக்கி மாட்ட எல்லப்பன்தான் வந்தான்.

"இன்னாண்ணா, உள்ள நோட்டு அடிக்கறியா? ஊரே சத்தம் போட்டுச் சோறு துண்ணுது. நீ சத்தமே வாணாம்னு செலவு பண்ணிகினு கீற."

"புடிடா நேரா."

"புடிச்சிகினுதான் கீறேன். அண்ணி இருந்தா இந்தக் கதவ உன் தலையிலயே சாத்தி இருக்கும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஜெயவேல் கீலில் திருகாணியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

சுவர்ப் பலகைகளுக்குள் அடைக்க எல்லப்பன் ஐந்து மூட்டை கழிவு நூல் கொடுத்தான். மேலே போர்த்தும் துணியை ஜெயவேலே தேர்ந்தெடுத்தார். துணியை வாயில் வைத்து ஊதினால் மறுபக்கம் வைத்த கையில் காற்றுப் பட வேண்டும். மூச்சு போகிற துணியில்தான் சத்தமும் போகும். எல்லாம் சரியாக வந்தது. மூலைகள்தான் குறை. கனத்த சத்தமெல்லாம் மூலையில்தான் போய்ச் சேரும். அங்கே தரையிலிருந்து கூரைவரை அடர்த்தியாக அடைக்க வேண்டும். கதவுக்கு எதிர் மூலைக்கு நூல் போதவில்லை. இன்னும் ஒன்பது கிலோவாவது வேண்டும்.

துணியைக் கையில் தூக்கினதும் எடை சொல்வது அந்த ஊர்க்காரர்களுக்குக் கூடவே பிறந்த வழக்கம். அவர் சூர்யகலாவின் பீரோவைத் திறந்தபோது அவருடைய கண் அதைத்தான் முதலில் கணக்குப் போட்டது. முப்பத்திரண்டு பருத்திப் புடவை, இரண்டு பட்டு. பத்துக் கிலோ வரும். யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், நான் வந்து பார்த்து எடுத்துக்கொள்கிறேன் என்று மகள் மணி சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வேறு வழி இல்லை என்று அவர் நினைத்தார். நினைக்கும்போதே அது பொய் என்று தெரிந்தது. களம்பூருக்கு ஒரு நடை போய்வந்தால் ஒரு மூட்டை பஞ்சு கிடைக்கும். அந்தப் பீரோவைப் பார்த்தபடி இன்னொரு ராத்திரி படுக்க அவரால் முடியாது, அவ்வளவுதான். மடிப்புக் கலையாமல் ஒவ்வொன்றாக அந்த மூலையில் அடுக்கினார். தேங்காயெண்ணெய் வாசனையும் மஞ்சள் வாசனையும் மூக்கில் ஏறின. மேலே துணியை இழுத்துப் பின் அடித்ததும் வாசனை நின்றது.

அது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமைதான் கை தட்டிப் பார்த்ததும் டம்ளர் கேட்டதும்.

வியாழக்கிழமை மதியம் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இசைத்தட்டு எதுவும் போடவில்லை. அவ்வளவு அமைதியில் மனிதன் முதலில் தன்னையே கேட்பான் என்று எங்கேயோ படித்திருந்தார், அப்படியே இருந்தது. காதுக்குள் ரத்தம் ஓடும் இரைச்சல், எச்சில் விழுங்கும் ஒலி, கண் இமை மூடித் திறக்கும்போது ஒரு ஈரச் சத்தம், சட்டை விலாவில் உரசும் சரசரப்பு. ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டே வந்தது. எல்லாம் அடங்கி, அடியில் ஒன்றுமே இல்லாத இடத்தைத் தொட்டபோது, எதிர் மூலையிலிருந்து, தரையோடு தரையாக,

"ஏங்க."

அவர் அசையவில்லை.

"ஏங்க, ஒரு நிமிசம் வாங்க. கை ஒரு மாதிரியா கீது."

அவள் விழுந்த அன்று சமையலறையிலிருந்து கேட்ட அதே சொற்கள், அதே இழுப்பு. அன்று மாலை ஆறரை மணி. தட்டில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. பல்லவி முடிந்து விரிவாக வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். அவருக்குக் கேட்டது. முழுசாகக் கேட்டது. வாயைத் திறந்து பதிலும் சொன்னார். "இரு கலா, இந்தப் பக்கம் முடியட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து டம்ளரால் தரையைத் தட்டும் சத்தம் வந்தது. டொக், டொக், டொக். பேச முடியாமல் போனபின் கைக்கு எட்டியதை எடுத்துத் தட்டியிருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது. அப்போது அவருக்குத் தோன்றியது வேறு. பாட்டுக் கேட்க உட்கார்ந்தால் பொறுக்காது இவளுக்கு என்று நினைத்தார். எரிச்சலாக இருந்தது. எழுந்து போய் வால்யூமை இரண்டு புள்ளி கூட்டினார். தட்டுகிற சத்தம் மறைந்தது. தட்டின் அந்தப் பக்கம் முடிந்து ஊசி தானாக எழுந்தபோது வீடு அமைதியாக இருந்தது. நல்லவேளை, கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் அவர் சமையலறைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை மூலையில் ஈரம் இருந்தது.

தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில், போர்த்திய துணியில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம். கூரை ஒழுகவில்லை. சுவரில் குழாய் இல்லை. விரலால் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. தரையில் ஒருக்களித்துப் படுத்திருப்பவரின் வாய் அந்த உயரத்தில்தான் வரும். அன்று அவளைத் தூக்கியபோது தரையில் கடைவாய்ப் பக்கம் இதே அளவில் ஒரு ஈரம் இருந்தது.

பிரித்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடலாம் என்று கத்தியைக் கொண்டுவந்தார். முனையைத் துணியில் வைத்தார். எடுத்தால் புடவைகள் வெளியே வரும், மூலை வெற்றாகும், ஞாயிற்றுக்கிழமை மணி உள்ளே உட்காருவாள். கத்தியைக் கீழே வைத்தார். ஈரத்தின்மேல் இன்னொரு துணியைப் போர்த்திப் பின் அடித்தார். சனிக்கிழமை காலை அந்தத் துணியிலும் வட்டம் வந்திருந்தது. கொஞ்சம் பெரிதாக.

அன்று எல்லப்பனைக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்தார். வெளியே நின்று பேர் சொல்லிக் கத்தினார். டம்ளரால் தரையில் தட்டினார். இரும்புச் சட்டியைக் கரண்டியால் அடித்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, எல்லப்பன் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டான்.

"கேட்டுதா?"

"ஒண்ணும் கேக்கலண்ணா. நீ கத்தினியா?"

"சட்டிய அடிச்சேன்டா."

"சுத்தமா கேக்கல." துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "ஆனா நான் இனிமே வர மாட்டேண்ணா. பேஜாரா கீது. தனியா குந்திகினு இருந்த மாதிரியே இல்ல."

ஜெயவேலின் மனதில் முதலில் எழுந்தது நிம்மதிதான். ஒன்றும் கேட்கவில்லை என்ற வார்த்தை. மற்றதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி பஸ்ஸில் மணி வந்து இறங்கினாள். அம்மா படத்துக்குப் பூ வைத்தாள். டீயை அவளே போட்டாள். பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் ஜெயவேல் டீயைக் கீழே வைத்தார்.

"அம்மா பொடவைங்க எங்கப்பா?"

"ஆசிரமத்துக்குக் குடுத்துட்டேன்மா. பாக்கப் பாக்க முடியல."

அவள் வெறும் பீரோவைப் பார்த்தபடி நின்றாள். முகம் சுருங்கியது. ஆனால் கோபப்படவில்லை. "ஒண்ணாச்சும் வெச்சிருக்கலாமில்ல" என்று மட்டும் சொன்னாள். "சரி வாங்க. பண்ணிடலாம். எனக்கு இத மனசுல வெச்சிகினு தூங்க முடியலப்பா. பத்து நிமிசம் டைமர் வெச்சிக்கறேன். கேட்டா ஒடனே வந்துடுவேன். கேக்கலன்னா பத்து நிமிசம் கழிச்சி வருவேன்."

"விளக்கு சுவிட்சு வலப்பக்கம்."

"தெரியும்ப்பா. பயப்படாதீங்க. நானும் கேக்கக் கூடாதுன்னுதான் சாமிய கும்புட்டுகினு வந்தேன்." அவர் கையைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். கதவு ரப்பரில் அமுங்கி மூடியது.

அவர் சமையலறைக்குப் போய் அந்த இடத்தில் நின்றார்.

"மணி" என்றார். சாதாரணக் குரலில். பிறகு உரக்க. பிறகு தொண்டை கிழியும்படி. ஞாயிற்றுக்கிழமை, தெருவில் தறி ஓடவில்லை. அவர் குரல் சந்து முனைவரை போயிருக்கும். கதவு திறக்கவில்லை. கீழே உட்கார்ந்து டம்ளரை எடுத்துத் தரையில் தட்டினார். டொக், டொக், டொக். கதவு திறக்கவில்லை. மூன்று நிமிடம். ஐந்து நிமிடம். அவர் கண்ணில் நீர் வந்தது. அவள் நம்பிவிடுவாள். இனி அது பொய் இல்லை. அந்த அறையில் இருந்தால் கேட்காது.

பத்து நிமிடம் ஆயிற்று.

பன்னிரண்டு.

பதினைந்து.

எழுந்து போனார். கதவின் முன் நின்றார். உள்ளே டைமர் அடித்தாலும் வெளியே கேட்காது என்பது அப்போதுதான் உறைத்தது. கைப்பிடியை இழுத்தார். ரப்பர் பிரியும்போது அறை ஒரு மூச்சு வாங்கியது. தேங்காயெண்ணெய் வாசனை. மஞ்சள் வாசனை.

நாற்காலி காலியாக இருந்தது.

மணி எதிர் மூலையில், தரையில், அவருக்கு முதுகைக் காட்டி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலை மூலையை ஒட்டி. காது துணிமேல். டைமர் வைத்த போன் பக்கத்தில் கிடந்து மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. அதன் சத்தம் வரவில்லை.

"மணி" என்றார்.

அவருடைய குரல் அவருக்கே கேட்கவில்லை. உதடு அசைந்தது தெரிந்தது. தொண்டை அதிர்ந்தது தெரிந்தது. அறை அதை வாங்கிக்கொண்டது.

ஒன்று மட்டும் கேட்டது. மகளின் குரல். ரொம்பச் சின்னதாக.

"ம்."

கதை கேட்கிறவள் உம் கொட்டுவதைப்போல. இடைவெளி விட்டு, கவனமாக.

"ம்."

அவர் காதைத் தீட்டினார். மூன்று நாளாக அவரைத் தூங்கவிடாத குரலைத் தேடினார். மூலையில் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஆனால் மகளின் கன்னத்துக்குப் பக்கத்தில் அந்த ஈர வட்டம் இருந்தது. இப்போது உள்ளங்கை அளவு. அது உள்ளே குழிந்தது. வெளியே உப்பியது. உள்ளே குழிந்தது.

"ம்... கை ஒரு மாதிரியா இருந்துதா?"

உப்பியது. குழிந்தது. நீளமாக.

உள்ளே போய் அவளை இழுத்துவிட வேண்டும்.  ஆனால் கதவு நிலையைப் பிடித்தபடியே நின்றார். கத்தினார். கத்தியது வாய்க்குள்ளேயே செத்தது.

மணி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, விரல்களை விரித்து, அவரை அங்கேயே நிறுத்தினாள்.

"அதுக்கு அப்பா இன்னா சொன்னாரும்மா?" என்று சுவரைக் கேட்டாள்.

துணி உள்ளே குழிந்தது. எவ்வளவு மூச்சு வேண்டுமோ அவ்வளவும் இழுத்துக்கொண்டு, அப்படியே நின்றது.